லிங்கனுக்காக எல்லாரும் ஒரே மாதிரி அழவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆபிரகாம் லிங்கன் படுகொலையையும் அதையொட்டி எழுந்த இரங்கற்பாக்களையும் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் 'நாடே ஒரே குரலில் அழுதது' என்று சொல்லிவிட்டு, அதற்குச் சாட்சியாக அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் 'ஓ கேப்டன்! மை கேப்டன்!' கவிதையைக் காட்டி முடித்துவிட்டார் கட்டுரையாளர். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. முப்பது வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியவன், அந்தக் கவிதையை எத்தனையோ முறை வகுப்பில் உரக்கப் படித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரே குரலைப் பார்ப்போம். 1865 ஏப்ரல் 21 அன்று வாஷிங்டனிலிருந்து கிளம்பிய சவ ரயில், ஊர் ஊராக நின்று, மே 3 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு போய்ச் சேர்ந்தது. வழியெங்கும் ஜனங்கள் கூடி அழுதது உண்மை. ஆனால் நியூயார்க்கில் ஏப்ரல் 25 அன்று நடந்த இறுதி ஊர்வலத்தில் கறுப்பர்கள் நடக்கக்கூடாது என்று நகர சபை முடிவு செய்திருந்தது. யாருக்கு விடுதலை கொடுத்தாரோ அவர்களுக்கே அவருடைய சவ ஊர்வலத்தில் இடமில்லை! வாஷிங்டனிலிருந்து போர்த்துறை தலையிட்டபிறகுதான் அனுமதி கிடைத்தது. ஆயிரக்கணக்கில் வர இருந்தவர்களில் சில நூறு பேர்தான் கடைசியில் நடந்தார்கள், அதுவும் ஊர்வலத்தின் வாலில். உள்நாட்டுப் போரில் லிங்கனை எதிர்த்து நின்ற தெற்கில் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவர்கள் ஏராளம். வடக்கில் வாய்விட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் அடி வாங்கினார்கள். சுட்ட ஜான் வில்க்ஸ் பூத், தலைமறைவாக இருந்தபோது எழுதிய குறிப்பில், சீசரைக் கொன்ற புரூட்டஸைப் புகழ்ந்த உலகம் தன்னை மட்டும் துரத்துகிறதே என்று அங்கலாய்த்திருக்கிறான். கைதட்டலை எதிர்பார்த்திருக்கிறான் மனுஷன். நடிகன் அல்லவா.

கட்டுரையில் நான் தேடிக் கிடைக்காதது லண்டன். அட்லாண்டிக் தந்திக் கம்பி அப்போது வேலை செய்யவில்லை. செய்தி கப்பலில் போய்ச் சேர ஏப்ரல் 26 ஆகிவிட்டது. அங்கே 'பஞ்ச்' என்ற நையாண்டிப் பத்திரிகை நான்கு வருடமாக லிங்கனைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. நீண்ட கால், கோணல் நடை, பள்ளம் விழுந்த முகம் எல்லாமே அவர்களுக்குக் கேலிப்பொருள். படம் போட்டவர் ஜான் டென்னியல். அதே வருடம் 'ஆலிஸ்' கதைக்குப் படம் போட்டாரே, அவரேதான். மே 6 இதழில் அவர், பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா லிங்கனின் சடலத்துக்கு மலர் வளையம் வைப்பதாக ஒரு படம் போட்டார். சரி, எந்தப் பத்திரிகையும் செய்வதுதான். ஆனால் அதே இதழில் பெயர் போடாமல் வந்த ஒரு கவிதை, அந்தப் படத்தையே பிடித்து உலுக்கியது. கொலையுண்ட லிங்கனின் பாடைக்கு மாலை வைக்கிறாயே, நேற்றுவரை அவரைக் கோணல்மாணலாக வரைந்த நீயா, என்று தொடங்குகிறது அது. பிறகு அந்தக் கேள்வி, கவிதையை எழுதியவன் பக்கமே திரும்புகிறது. என் இளிப்புக்கு நான் வெட்கப்படும்படி வாழ்ந்து காட்டினார், என் பென்சிலை முடமாக்கினார், என் பேனாவைப் பொய்யாக்கினார், வேலிக்கு மரம் பிளந்த இந்த ஆள்தான் பிறவி அரசன் என்று ஒப்புக்கொள்ள வைத்தார், என்று போகிறது.

எழுதியவர் டாம் டெய்லர். இந்தப் பெயரை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? ஏப்ரல் 14, புனித வெள்ளி இரவு, ஃபோர்டு தியேட்டரில் லிங்கன் பார்த்துக்கொண்டிருந்த 'அவர் அமெரிக்கன் கசின்' நாடகத்தை எழுதியவர் அவர்தான். மூன்றாம் அங்கத்தில் கொட்டகையே அதிர்ந்து சிரிக்கும் ஒரு வசனம் உண்டு. மேடையில் ஒரே ஒரு நடிகர். அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் பூத் சுட்டான். அந்தச் சிரிப்பை எழுதிய அதே கை மூன்று வாரம் கழித்து இந்த மன்னிப்பையும் எழுதியிருக்கிறது. கவிதை என்ற அளவில் அது சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தன் பத்திரிகையின் தப்பை அந்தப் பத்திரிகையிலேயே இப்படிப் போட்டு உடைத்த இரங்கற்பா வேறொன்று என் கண்ணில் பட்டதில்லை.

விட்மனுக்கு வருகிறேன். செய்தி வந்த காலை அவர் புரூக்ளினில் அம்மா வீட்டில் இருந்தார். அம்மா வழக்கம்போல் சமைத்தார், நாள் முழுக்க யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை, ஆளுக்கு அரைக் கோப்பை காப்பிதான், வந்த பேப்பரையெல்லாம் வாங்கி ஒரு வார்த்தை பேசாமல் மாற்றி மாற்றிப் படித்தோம் என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். எனக்கு 'கேப்டன்' கவிதையைவிட இந்த அரைக் கோப்பை காப்பி பெரிது. 1865 நவம்பரில் வெளிவந்த அந்தக் கவிதை விட்மனுக்கே ஒட்டாத எதுகையும் சந்தமுமாகத் தட்டித் தட்டி நடக்கும். மேடைக்கு மேடை அதையே கேட்டார்கள். முதுமையில் வெறுத்துப்போய், ஏன்தான் எழுதினேனோ என்கிற அளவுக்குப் பேசியிருக்கிறார். பாரதி கொண்டாடிய விட்மனைத் தேடிப் போகிறவர்கள் லிங்கனுக்காக அவர் எழுதிய இன்னொரு இரங்கற்பாவான, லைலாக் பூவைப் பற்றிய நீண்ட கவிதைக்குத்தான் போகவேண்டும். பதினாறு பகுதிகள். லிங்கன் என்ற பெயர் ஓரிடத்தில்கூட இல்லை, துப்பாக்கி இல்லை, பூத் இல்லை. முற்றத்தில் பூத்த லைலாக், மேற்கே விழும் நட்சத்திரம், சதுப்பில் ஒளிந்து பாடும் பறவை, இவற்றுக்கு நடுவே தெருத்தெருவாகப் போகும் ஒரு சவப்பெட்டி. இறந்தவரை நினைத்துப் புலம்பும் நம் கையறுநிலைப் பாட்டுகளில் தோய்ந்தவர்களுக்கு உரை தேவைப்படாது. கட்டுரை இதை அடைப்புக்குறிக்குள் தள்ளியது அநியாயம்.

பிரெடெரிக் டக்ளஸுக்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் பெரிய குறை. அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். லிங்கன் இறந்த அன்று ராச்செஸ்டர் நகர மண்டபத்தில் கூட்டம் அவரைப் பேச அழைத்தது. அந்த ஊர் வெள்ளையர்களோடு அன்றுபோல் என்றும் நெருங்கியதில்லை, அந்தத் துக்கம் எங்களை உறவாக்கியது என்று பிறகு எழுதினார். பதினொரு வருடம் கழித்து, 1876 ஏப்ரல் 14 அன்று, விடுதலை பெற்ற கறுப்பர்கள் காசு சேர்த்து வாஷிங்டனில் வைத்த லிங்கன் சிலையைத் திறக்கும் விழாவில் அவர்தான் பேச்சாளர். முதல் ஐந்து டாலரைக் கொடுத்தவர் சார்லட் ஸ்காட் என்ற, அடிமையாக இருந்த பெண். குடியரசுத் தலைவர் கிராண்ட் எதிரே உட்கார்ந்திருக்க, டக்ளஸ் சொன்னார்: லிங்கன் முதலாவதாக வெள்ளையரின் தலைவர். நீங்கள் அவருக்குப் பிள்ளைகள், நாங்கள் மிஞ்சிப்போனால் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள். அடிமை ஒழிப்புக்காரர்களின் பக்கமிருந்து பார்த்தால் அவர் மெத்தனமானவர், சூடில்லாதவர். அவர் கலந்து பேசியாகவேண்டிய நாட்டின் மனநிலையை வைத்துப் பார்த்தால் வேகமானவர், உறுதியானவர். சிலைத் திறப்பு விழாவில் இப்படிப் பேச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நம் ஊர்ச் சிலைத் திறப்புகளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தமில்லை. நானும் வகுப்பில் 'கேப்டன்' கவிதையோடு நிறுத்திக்கொண்டவன்தான். பரீட்சைக்கு அது போதும். ஆனால் உங்கள் வாசகர்களுக்குப் பரீட்சை இல்லையே. டக்ளஸின் அந்த உரையை யாரையாவது முழுதாக மொழிபெயர்க்கச் சொல்லி, அடுத்த இதழிலோ அதற்கு அடுத்ததிலோ போடுங்கள். பக்கம் போதாது என்றால் இரண்டு பகுதியாகப் போட்டாலும் சரி. சுருக்கிவிட மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.