மெக்னீசியத்துக்கு அவசரம் ஆகாது

அன்புள்ள சேகர்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

சூடுபடுத்தும்போது கெட்டுப்போனதென்று நீ அனுப்பிய மெக்னீசிய வார்ப்புத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாயிற்று. கிரெய்ன் (உலோகத்தின் நுண்படிகம்) ஓரமெல்லாம் உருகி மறுபடி உறைந்த தடம், பக்கத்திலேயே உருண்டை உருண்டையாக வெற்றிடம். உலோகக் கலவையைத் திட்டாதே. ஃபர்னஸை ஓட்டின விதம்தான் கோளாறு. உன் அவசரம் மூர்த்தி சார் லேபிலேயே தெரிந்ததுதானே!

உன் மெக்னீசியக் கலவை ஏஇசட் 91சி-யில் 9% அலுமினியம், முக்கால் சதவீதம் துத்தநாகம். வார்ப்பு உறையும்போது இரண்டும் கடைசியில் உறையும் திரவத்தில் சேர்ந்து, மெக்னீசியத்தோடு சேர்மமாகிக் கிரெய்ன் ஓரத்தில் தங்கும். மெக்னீசியம்–அலுமினியம் யூடெக்டிக் (தாழ்ந்த சூட்டிலேயே உருகும் கலவை) 437 டிகிரி செல்சியஸில் உருகும். துத்தநாகம் சேர்ந்த இடம் அதற்கும் கீழேயே உருகும். அதனால் ஃபர்னஸ் 260-இல் இருக்கும்போது சார்ஜை (வார்ப்புகளை) உள்ளே வைத்து, 413-க்கு ஏற இரண்டு மணி நேரமாவது கொடு. அதற்குள் அந்தச் சேர்மம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிரெய்னுக்குள் கரைந்துவிடும். பிறகு 16 முதல் 24 மணி நேரம் நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் ஆறவிடு. தண்ணீர் வேண்டாம். கனமான பகுதியில் கிரெய்ன் ஊதிப் பெரிதானால் 413-இல் 6 மணி, 352-இல் 2 மணி, திரும்ப 413-இல் 10 மணி என்று மாற்று.

இப்படிக் கரையவிட்டு ஆறவைப்பதற்குப் பெயர் டி4. இழுவலிமை, வார்த்தபடியே இருக்கும் 165-லிருந்து 275 மெகாபாஸ்கல் அளவுக்கு ஏறும், நீட்சி 15% வரை போகும். ஆனால் யீல்ட் (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) 90-தான். 168 டிகிரியில் 16 மணி ஏஜிங் (மிதமான சூட்டில் வைத்து வலுவாக்குவது) செய்தால் டி6: யீல்ட் 145-க்கு ஏறும், நீட்சி 6%-க்கு இறங்கும். அடி தாங்க வேண்டிய பாகத்துக்கு டி4-ஓடு நிறுத்து. வாடிக்கையாளர் டிராயிங்கில் டி6 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால் கேட்டுவிடு. சாதாரண டை காஸ்டிங்கை (அச்சுக்குள் அழுத்தி வார்த்ததை) மட்டும் இந்தச் சூட்டுக்குள் விடாதே. உள்ளே சிக்கிய காற்று கொப்புளமாகக் கிளம்பும்.

டபிள்யூஇ43 என்ற மெக்னீசியக் கலவையை வார்க்கும் உன் ஆசை நல்லதுதான். ஏஇசட் 91 சுமார் 120 டிகிரிக்கு மேல் சுமையில் தளர ஆரம்பிக்கும். இட்ரியமும் நியோடைமியமும் சேர்ந்த டபிள்யூஇ43 250 வரை நிற்கும். அதைக் கரைக்க 525-இல் 8 மணி, பிறகு ஏஜிங் 250-இல் 16 மணி. ஆனால் உருக்கும் குருசிபிளைத் தனியாக வை. அலுமினியம் கலந்தால் அதிலுள்ள சிர்கோனியத்தோடு சேர்மமாகிவிடும். கிரெய்னை நுண்ணாக்க எதுவும் மிஞ்சாது.

இனி எழுதுவதை உன் ஆட்களுக்கும் படித்துக் காட்டு. அலுமினியத்துக்கு வைத்திருக்கும் நைட்ரேட் சால்ட் பாத்தில் (உருகிய உப்புத் தொட்டியில்) மெக்னீசியம் ஒரு துண்டுகூட இறங்கக் கூடாது, வெடிக்கும். 400-க்கு மேல் ஃபர்னஸில் 0.7% சல்ஃபர் டை ஆக்சைடு இருக்கட்டும். அது இல்லாவிட்டால், ஏஇசட் 91-க்கு 3% கார்பன் டை ஆக்சைடு. ஃபர்னஸ் தரையில் துரு, மெக்னீசியச் சீவல் எதுவும் கிடக்கக் கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலோகத் தீக்கான பவுடரை ஃபர்னஸ் பக்கத்திலேயே வை.

அடுத்த சார்ஜின் வெப்பநிலைச் சார்ட்டை அனுப்பு. வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் ஃபர்னஸ் சுவரில் வேண்டாம், வார்ப்பின் மேலேயே கட்டு.

அன்புடன்,
ரவி