குதிக்காமல் இறங்கி வந்த நாளைப் பற்றியும் எழுது

அன்புள்ள மகளுக்கு,

நீ விடுப்பு முடிந்து புறப்பட்டுப் போய் ஒன்பது நாள்கள் ஆகின்றன. பாராசூட்டை விரிப்பதற்காக நீ ஓரமாகத் தள்ளி வைத்த நாற்காலிகளை நான் இன்னும் பழைய இடத்துக்கு இழுத்துப் போடவில்லை. தொலைபேசியில் பேசினால் நீ சிரித்துப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்று மாலை முன்னறைத் தரை முழுவதும் அந்தத் துணியைப் பரப்பிவிட்டு, கைப்பேசியை நாற்காலிக் காலில் சாய்த்து வைத்து, உன் வான்குதிப்பு நண்பர்கள் நால்வரைத் திரையில் கூட்டி வைத்துக்கொண்டு நீ மடிக்கத் தொடங்கியதை நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஆண்டுகள் துணியோடு பழகிய கை என்னுடையது. ஆனால் காற்றுப் புகாமல் பூச்சுக் கொடுத்த அந்த நைலானைப் போல வழுக்கும் துணியை நான் தொட்டதே இல்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் உப்பியது. நீ முழங்காலை ஊன்றினாய், பிறகு முழு உடம்பையும் போட்டுக் குப்புறப் படுத்தே காற்றை வெளியேற்றினாய். "அதை மடிக்கிறாயா, அதோடு மல்யுத்தம் செய்கிறாயா?" என்று திரையிலிருந்து ஒருவன் கேட்டான். "வீட்டுக்குள் மடிப்பது இதுதான் முதல்முறை, கொஞ்சம் பொறு" என்று நீ சொன்னதுதான் தாமதம், நால்வரும் ஒரே குரலில் "பீர்!" என்று கத்தினார்கள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணி நான் உள்ளே ஓடி வந்தேன்.

எதை முதல்முறையாகச் செய்தாலும், செய்தவர் கூட்டத்துக்கு ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும் என்பதும், 'முதல்முறை' என்ற சொல்லை வாய்தவறி உச்சரித்தவர் தானே வலையில் விழுந்தவர் என்பதும் பிறகுதான் எனக்கு விளங்கின. நூறாவது குதிப்பு முடிந்து தரையிறங்கியவரின் முகத்தில் கிரீம் அப்பிய தட்டைப் பொத்துவதும் உங்கள் மரபுதானாம். உயிரைப் பணயம் வைக்கிற கூட்டம் என்று நான் பயந்து வைத்திருந்தவர்கள், பள்ளி இடைவேளையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் போல இருந்தார்கள். என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள்: வஃபோ. 'வாட் ஃபார்' என்ற கேள்வியைத் திரித்து உண்டாக்கிய பெயராம். எதற்காகக் குதிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பவள் வஃபோ. நான் அந்தக் கேள்வியை உன்னிடம் நான்கு ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன் என்பதால் பெயர் பொருத்தமானதுதான்.

உனக்கு 'இறகு' என்று பெயர், அந்தப் பருமனான பையனுக்குச் 'செங்கல்' என்று பெயர். ஏறக்குறைய 4000 மீட்டர் உயரத்தில் விமானத்தைவிட்டு ஒன்றாகப் புறப்பட்டு, ஒரு நிமிடம் போல வயிறு கீழே இருக்க மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் விழும்போது, எடை கூடியவர் வேகமாகக் கீழே போய்விடுவதும் எடை குறைந்தவர் மேலே தங்கிவிடுவதும் இயல்பு என்று நீ விளக்கினாய். அதனால் செங்கல் காற்றைப் பிடிக்கத் தொளதொளவென்ற உடையைப் போட்டுக்கொள்கிறான். நீ இடுப்பில் ஈயம் வைத்த பட்டையைக் கட்டிக்கொள்கிறாய். அப்படியும் விழுந்துகொண்டே எல்லோரும் கைகோத்து வட்டம் பிடிக்கிற நேரத்தில் அவன் கீழே நின்று உன்னை அண்ணாந்து பார்த்துக் கையசைப்பதும், நீ மேலே நின்று தவிப்பதும் கூட்டத்துக்கு வாராவாரம் கிடைக்கிற வேடிக்கை. சிறுவயதில் உன் உடம்பில் சதை பிடிக்கவில்லையே என்று நான் பட்ட கவலையெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தக் கவலையை இப்போது ஈயக்கட்டிகள் தீர்க்கின்றன.

இறகு என்ற பெயர் உனக்கு மனத்தாங்கலாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா பிராட்விக் என்ற பெண், ஐந்தடிக்கும் குறைவான உயரத்தாலும் மெல்லிய உடம்பாலும் 'டைனி' என்றே அழைக்கப்பட்டவர், 1908இல் பதினைந்து வயதில் பலூனிலிருந்து குதிக்கத் தொடங்கினார். 1914இல் ராணுவத்தினருக்குப் பாராசூட்டைச் செய்து காட்டியபோது, பாராசூட்டை இழுத்து விரிப்பதற்காக விமானத்தோடு பிணைத்திருந்த கயிறு அதன் வாலில் சிக்கிக்கொண்டதால், அடுத்த முறை அந்தக் கயிற்றை அறுத்துக் குட்டையாக்கிக்கொண்டு, விழுந்துகொண்டே தன் கையால் இழுத்துப் பாராசூட்டை விரித்தார். விமானத்தின் கயிறு இல்லாமல் மனிதர் தாமே விரித்துக்கொள்ள முடியும் என்று அன்று காட்டியவர் உங்கள் இனத்து இறகுதான்.

வானத்தில் ஒரு நிமிடம் என்றால் தரையில் ஒரு நாள் என்பதையும் இந்த முறைதான் அறிந்தேன். மேகம் விலகக் காத்திருப்பது, காற்று அடங்கக் காத்திருப்பது, மடித்து முடித்துவிட்டு அந்தப் பையையே தலையணையாக வைத்துத் தூங்குவது என்று உங்கள் வார இறுதியில் பெரும்பகுதி புல்வெளியிலேயே கழிகிறது. நீ காட்டிய படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது வான்படம் அல்ல. குதிப்பதற்கு முன் ஒத்திகை பார்ப்பதற்காக, வயதுவந்த எட்டுப் பேர் சக்கரம் பொருத்திய பலகைகளின்மேல் குப்புறப் படுத்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிமென்டுத் தரையில் உருண்டுகொண்டிருக்கும் படம்தான் அது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு உங்கள்மேல் எனக்கிருந்த கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது.

மீதிக் கோபம் உங்கள் மரண நகைச்சுவையின்மேல் இருந்தது. தரையில் மோதுவதையும் எலும்பு முறிவதையும், நாம் மழை பெய்ததைச் சொல்வதுபோல நீங்கள் சொல்லிச் சிரிக்கிறீர்கள். பெற்றவளின் காதில் அது எப்படி விழும் என்று நினைத்துப் பார்த்தாயா? ஆனால் தொடர்ந்து கேட்டபோது, அந்தக் கேலியின் பெரும்பகுதி ஒரு வேலையைச் செய்கிறது என்று தோன்றியது. மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுவார்களே, அந்தப் பையனை எடுத்துக்கொள். பிடித்த வட்டம் அழகாக அமைந்த மகிழ்ச்சியில் உயரமானியைப் பார்க்க மறந்து, பாராசூட்டை விரிக்க வேண்டிய உயரத்தைத் தாண்டிக் கீழே வந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் எங்கே வந்து நின்றாலும், பேச்சுக்கு நடுவிலும், தூங்கி எழும்போதும், விழும்போது 'உயரத்தைப் பார்' என்று காட்டுகிற அந்தச் சைகையை எல்லோரும் காட்டுகிறார்கள். ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் மறந்திருப்பான். இதை அவன் கிழவனாகிற வரை மறக்கமாட்டான். இந்த வகைக் கேலியை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். என் பங்குக்கு அவனைப் பார்த்தால் நானும் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுவேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முதன்மைப் பாராசூட்டை நீங்களே மடித்தாலும், அது பழுதானால் கைகொடுக்கிற இரண்டாவது பாராசூட்டான ரிசர்வை, பாராசூட் மடிப்பதற்கென்றே உரிமம் பெற்ற ரிக்கர்தான் மடிக்க வேண்டும் என்றும், அது யார் உயிரையாவது காப்பாற்றினால் பிழைத்தவர் அந்த ரிக்கருக்கு ஒரு புட்டி வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பார் என்றும் நீ சொன்னாய். தைத்தவரையும் மடித்தவரையும் தேடிப் போய் நன்றி சொல்லும் வழக்கத்தை என் தொழிலில் நான் கண்டதில்லை. அளவு சரியில்லை என்று தேடி வந்தவர்களைத்தான் கண்டிருக்கிறேன்.

நான் ஒப்புக்கொள்ளாதது அந்தப் 'பந்தல்' கேலி. உன் பாராசூட் பெரியது, மெதுவாக இறங்குவது. அதனால், "இறகு பந்தலைக் கட்டிக்கொண்டு மிதக்கிறாள், அவள் வந்து சேர்வதற்குள் நாம் ஒரு தூக்கம் போடலாம்" என்று அவர்கள் சொன்னபோது நீயும் சிரித்தாய். ஆனால் அன்று இரவே சிறிய அளவுப் பாராசூட்டுகளின் படங்களை நீ பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். சிறியது வேகமானது, கையைச் சற்று அசைத்தாலே திரும்புவது, தரையருகே செய்கிற பிழையை மன்னிக்காதது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். குதிப்பவர்களின் மரணங்களில் கணிசமானவை, பாராசூட் விரியாததால் நேர்ந்தவை அல்ல. ஒழுங்காக விரிந்த பாராசூட்டின்கீழ், தரைக்கு மிக அருகில் போட்ட திருப்பத்தால் நேர்ந்தவை என்பதையும் நீதான் சொன்னாய். அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விரியாமல் போய்விடுமோ என்று நான்கு ஆண்டுகளாகத் தவறான இடத்தில் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

உன் தோளருகே இருக்கும் அந்த மூன்று வளையங்களை நீ கழற்றிக் காட்டினாய். பெரிய வளையத்தின் இழுவையை அடுத்தது குறைத்து, அதற்கடுத்தது இன்னும் குறைத்து, கடைசியில் ஒரு சிறு நூல் வளையம் தாங்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பழுதான பாராசூட்டை உதறிவிட ஒரு பிடியை இழுத்தால் போதும். ஊசி நூலோடு வாழ்ந்தவளுக்கு அதைப் பார்த்துக் கண் நிறைந்துவிட்டது. அதை உருவாக்கிய பில் பூத், கருவிகள் எவ்வளவு பாதுகாப்பாகின்றனவோ அவ்வளவுக்குக் குதிப்பவர்கள் கூடுதல் ஆபத்துகளைத் தேடிக்கொண்டு மரணக் கணக்கைக் குறையவிடமாட்டார்கள் என்றும் ஒரு விதி சொல்லி வைத்திருக்கிறாராமே. 1991இல் வந்த சைப்ரஸ் என்ற கருவியைப் பற்றிப் பேசும்போது நீ அதைச் சொல்லிச் சிரித்தாய். குதித்தவர் நினைவிழந்தாலும், 225 மீட்டர் அளவில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் தானாகவே ரிசர்வின் கயிற்றை வெட்டி விரிக்க வைக்கிற பெட்டி அது. ஆனால் விரிந்த பாராசூட்டோடு தாழப் போடும் திருப்பத்திலிருந்து அந்தப் பெட்டி யாரையும் காப்பாற்றாது. கவனக்குறைவைப் பார்த்துச் சிரிக்கிற கேலி வேறு, கவனத்தைப் பார்த்துச் சிரிக்கிற கேலி வேறு. செங்கல் நல்ல பையன்தான்; தீங்கு நினைத்து அவன் பந்தல் என்று சொல்லவில்லை. ஆனாலும் அளவைக் குறைப்பது பற்றி உன் பயிற்சியாளர் வாய் திறக்கிற வரை, நீ பந்தலிலேயே வா. அவர்கள் தூங்கட்டும்.

இப்போது, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய அழைப்பு முடிகிற நேரத்தில், நரைத்த தலையோடு இருந்த அந்த அம்மையார், உங்கள் எல்லோரையும்விட அதிகம் குதித்தவர் என்று நீ சொன்னவர், "போன மாதம் நீயும் நானும் விமானத்திலேயே இறங்கி வந்தோமே, அன்றைக்குப் பார்த்த அந்தி வானத்தைப் போல நான் பார்த்ததில்லை" என்றார். நீ சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். அந்த வாரம் நீ என்னிடம் நான்கு முறை குதித்ததாகச் சொல்லியிருந்தாய். ஐந்தாவது முறை மேலே போனதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பிறகு நான் கேட்டபோது, கதவு திறந்ததும் மனம் ஒட்டவில்லை, அதனால் உட்கார்ந்துவிட்டேன் என்றாய். காரணம் எதையும் சொல்லாமல் அந்த அம்மையாரும் உன் அருகில் உட்கார்ந்துவிட்டாராம்.

எல்லாவற்றுக்கும் கத்துகிற மற்ற மூவரும் அவர் அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். விமானத்தில் திரும்பி இறங்கியது உனக்கு அதுதான் முதல்முறையாக இருந்தும் யாரும் பீர் கேட்கவில்லை. ஒருவன் மட்டும், "எனக்கும் அப்படி இரண்டு முறை ஆகியிருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னான். அவர்கள் எதைக் கேலி செய்யமாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவர்களை நம்பி உன்னை விட்டிருக்கிறேன். அவர்களிடம் மறைக்காத ஒன்றை என்னிடம் ஏன் மறைத்தாய் என்பதுதான் என் வருத்தம். நான் பயப்படுவேன் என்று நினைத்திருப்பாய். நீ குதித்தேன் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் பயப்படுகிறேன். குதிக்கவில்லை என்று சொன்ன நாளில்தான் எனக்குப் பயம் குறைந்தது. ஆகவே, இனி உன் குறிப்பேட்டில் எண் போடுகிற குதிப்புகளைப் பற்றி எழுதுவதோடு, எண் போட முடியாத இறக்கங்களைப் பற்றியும் எனக்கு எழுது. சளி பிடித்ததால் போகாத நாளையும், காற்றுக்குப் பயந்து காத்திருந்த நாளையும் எழுது. கதவுவரை போய்த் திரும்பிய நாளை விரிவாக எழுது.

நீ விட்டுப்போன குதிப்பு உடை காய்ந்துவிட்டது. தரையிறங்கும்போது உராய்ந்து முழங்காலில் நைந்திருந்த இடத்துக்கு உள்ளே தடித்த துணி கொடுத்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். நண்பர்கள் வானில் உன்னைப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகளில் ஒன்று தளர்ந்திருந்ததால் நான்கையும் பிரித்துப் புதிதாகத் தைத்துவிட்டேன். பாராசூட்டின் பக்கம் நான் கை வைக்கவில்லை, அது ரிக்கரின் வேலை. உடையை நாளை அனுப்புகிறேன். வான்குதிப்பவருக்கு நான் தைத்துக் கொடுப்பது இதுதான் முதல்முறை. அப்படியானால் பெட்டி வாங்க வேண்டியது நானா, உடையைப் போட்டுக்கொள்ளப்போகிற நீயா என்று உன் கூட்டத்தைக் கேட்டு எழுது. செங்கலின் தீர்ப்பை மட்டும் ஏற்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா