டாக்குமென்ட்டைப் படிக்கச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மென்பொருள் பிரிவு நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். "பழைய புரோகிராம் கோடைத் தொடுமுன் டாக்குமென்ட்டை முழுமையாகப் படிக்கவும்; தவறினால் அவரவரே பொறுப்பு" என்ற தங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. இரவில் தானாக ஓடும் எந்த ஜாப் நின்றுபோனதால் இது வந்தது, பழி யார் தலையில் விழுந்தது என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததே.

பழி விழுந்த அந்தப் பெண் டாக்குமென்ட்டைப் படித்தார். சிக்கலே அதுதான். கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய புரோகிராமில், பதிவின் நிலையைக் குறிக்கும் ஓர் இலக்க ஸ்டேட்டஸ் ஃபீல்டு. அதில் 7 என்ற மதிப்புக்கு நேரே "பயன்பாட்டில் இல்லை" என்றிருக்கிறது. நம்பி, 7-ஐக் கையாளும் வரிகளை நீக்கினார். ஆனால் அதற்கு முன்னால் ஓடும் ஜாப், முடியாத பதிவுகளை மறுநாளுக்குத் தள்ள அந்த 7-ஐத்தான் போடுகிறது. அது வந்து விழுந்ததும் புரோகிராம் அபெண்ட் ஆனது, அதாவது பாதியில் நின்றுபோனது. 7-ஐப் போடும் வரிக்கு மேலே ஒரு கமென்ட் உண்டு: "கேட்டபடி மாற்றப்பட்டது." யார் கேட்டார்கள், எதற்கு? ஒரு டிக்கெட் எண், அதாவது மாற்றக் கோரிக்கையின் பதிவு எண், இருக்கிறது. அந்த டிக்கெட் மென்பொருளையே நாம் எப்போதோ கைகழுவிவிட்டோம்.

கோடு என்ன செய்கிறது என்பதைத் தலைகீழாக நின்றாவது கண்டுபிடித்துவிடுவோம். ஏன் செய்கிறது என்பதை, கோடை இயந்திர மொழியாக்கும் எந்தக் கம்பைலரும் சொல்லாது. ஆகவே கேட்பது ஒன்றுதான்: காரணம் எழுதப்படாத எந்த மாற்றத்துக்கும் ரிலீஸ் ஒப்புதல் தராதீர்கள்.

1996-இல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே வெடித்தது. அதற்கு முந்தைய ஏரியான் 4-க்கு எழுதிய மென்பொருளில், 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. சில மாறிகளுக்கு, அதாவது மென்பொருளில் மதிப்பு தாங்கும் இடங்களுக்கு, இதிலிருந்து பாதுகாப்பு வேண்டாம் என்பது கூடிப் பேசி எடுத்த முடிவுதான். அதற்கான நியாயம் கோடில் இல்லை, ஆவணக் குவியலுக்குள் கண்ணில் படாமல் கிடந்தது என்றது விசாரணைக் குழு. நம்மிடம் குவியல் என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

நம் டாக்குமென்ட்டில் ஒப்புதல் அட்டவணை மட்டும் பிரமாதம். ஆடிட் வரும் வாரம் முதல் பக்கத்துத் தேதி புதிதாகிவிடும். உள்ளே அதே பழைய சரக்கு. நிறுவன லோகோ மாறியபோது எல்லா டாக்குமென்ட்டிலும் மளமளவென்று மாற்றினோமே, ஆளும் நேரமும் அப்போது எங்கிருந்து வந்தன?

மன்னிக்கவும், பணிவோடு கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன். மாற்றியவரே நாலு வரியில் காரணம் எழுதட்டும். அது கோடு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஓய்வு பெறவிருக்கும் மூத்தவர்களை, பிரிவுபசார விழாவுக்கு முன் சில நாள் எங்களோடு உட்காரவிடுங்கள். காரணம் இல்லையேல் ரிலீஸ் இல்லை என்பதை அடுத்த சுற்றறிக்கையாக அனுப்புங்கள். கூடவே, அந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்ட கடிதத்தைத் திரும்பப் பெறுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பராமரிப்புக் குழுவில் ஒருவன்