2.6 மணி நேரம்: உணவு வங்கியில் உதவும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உணவு வங்கியில் ஸ்நாப் (அமெரிக்க அரசின் உணவு உதவி) விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. கூடவே ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தாய்: "வேலைக்குப் போகிறவர்களே ஏன் உதவி கேட்டு வருகிறார்கள்? கம்பெனிகளுக்குச் சலுகை கொடுத்தால் வேலை பெருகத்தானே செய்யும்?" இதற்குப் பதிலை ஒரு சூப்பர் மார்க்கெட் கல்லாவிலேயே பார்க்கலாம்.

அந்தக் கல்லாவில் ஒரு அம்மா நிற்கிறார் என்று வைத்துக்கொள். பிள்ளைகளுக்கு வயது 14, 16. சம்பளம் மணிக்கு 12 டாலர், வாரம் 30 மணி நேரம். வாரச் சம்பளத்தை 4.3-ஆல் பெருக்கி மாத வருமானம் போடுவார்கள்: 1,548 டாலர். உழைத்துச் சம்பாதித்தது என்பதால் 20 சதவீதம் கழியும். மூன்று பேர் குடும்பத்துக்கான பொதுக் கழிவு 209. மீதி 1,029. வாடகை 900 என்றால், அந்த 1,029-இல் பாதியைத் தாண்டுகிற 385 டாலரும் கழியும். கடைசியில் நிற்பது 644. அதில் 30 சதவீதத்தை, அதாவது 194 டாலரை, குடும்பமே சாப்பாட்டுக்குப் போட வேண்டும் என்பது விதி. உச்சத் தொகையான 785-இலிருந்து அதை எடுத்துவிட்டால் ஈபிடி கார்டில், அதாவது கடையில் உணவு வாங்கும் அட்டையில், ஏறுவது 591 டாலர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறரை டாலர். 2026 செப்டம்பர் வரைக்குமான எண்கள் இவை. ஒவ்வொரு அக்டோபரிலும் புதுசு வரும்.

வாடகை ரசீதைக் கேட்காமல் விண்ணப்பத்தை அனுப்பிவிடாதே. அந்த ஒரு வரி விட்டுப்போனால் இதே குடும்பத்துக்கு மாதம் 115 டாலர் குறைந்துபோகும். மாதத்தில் ஐந்தாறு நாள் அடுப்பில் உலை ஏறாது.

இனி, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்துக்கு வருவோம். மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டாவிட்டால் மூன்று வருடத்தில் மூன்று மாதம்தான் உதவி என்று ஒரு விதி உண்டு. முன்பு வீட்டில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பெற்றோருக்கு இந்தக் கால வரம்பு கிடையாது. இப்போது அந்த வயது 14. 54 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் இருந்த இந்த விதி இப்போது 64 வயது வரை நீண்டுவிட்டது. முன்னாள் படைவீரர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் 2023-இல் கொடுத்த விலக்கும் போய்விட்டது.  

வாரம் 30 மணி நேரம் இருக்கும்வரை நம் அம்மாவுக்குக் கவலையில்லை. ஆனால் ஷிஃப்ட் போடுவது அவர் கையில் இல்லை. கடை அதை 18 ஆகக் குறைத்தால் மாதக் கணக்கு 77.4. விதிக்கு 2.6 மணி நேரம் குறைவு. அப்படியே மூன்று மாதம் போனால், பிள்ளைகளின் பங்கு வரும், அவருடையது நின்றுவிடும். இங்கே உனக்கு ஒரு முக்கியமான விஷயம்: வாரச் சம்பளம் 217.50 டாலரைத் தொட்டால், மணிக்கணக்கு எவ்வளவு இருந்தாலும் இந்த விதி அவரைக் கட்டுப்படுத்தாது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரை 30-ஆல் பெருக்கிய தொகை அது. 2009-க்குப் பிறகு அந்தக் கூலி ஏறவே இல்லை. நம் அம்மாவின் 18 மணி நேரச் சம்பளம் 216. ஒன்றரை டாலர்தான் குறைகிறது! அதனால் மணிக்கணக்கைப் பார்க்கும் முன் சம்பளச் சீட்டைப் பார்.

ஷிஃப்ட் ஏன் குறைந்தது? அந்தக் கடை தானியங்கி பில் எந்திரங்கள் வாங்கியிருக்கலாம். அதே சட்டம் 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கிய எந்திரத்தின் முழு விலையையும் முதல் வருடமே வரிக்கான வருமானத்திலிருந்து தேய்மானமாகக் கழித்துக்கொள்ள நிரந்தரமாக அனுமதிக்கிறது. பழைய சட்டப்படி அந்த விகிதம் 2025-இல் 40 சதவீதம், 2027-இல் பூஜ்யம் ஆகியிருக்கும். 10 லட்சம் டாலருக்கு எந்திரம் வாங்கினால், 21 சதவீத வரியில் முதல் வருடமே 2,10,000 டாலர் மிச்சம். நியாயமாகச் சொன்னால், இதில் பெரும்பகுதி பின்னால் எப்படியும் கழிய வேண்டியதுதான். முன்கூட்டியே தருவது வட்டியில்லாக் கடன் மாதிரி. ஆனால் இதற்கு நிரப்புகிற 4562-ஆம் படிவத்தில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தாய், எத்தனை மணி நேரம் கொடுத்தாய் என்ற கேள்வியே கிடையாது. எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். மணிக்கணக்கைக் குறைக்கிறவரிடம் கேட்காத கணக்கை, குறைக்கப்பட்டவரிடம் மாதாமாதம் கேட்கிறார்கள்.

வேலை செய்கிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்று கேட்டாயே. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2020-இல் பார்த்தபோது, உதவி பெறுகிற சம்பளக்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேர் முழுநேர வேலையில் இருந்தார்கள். அவர்களை அதிகம் வைத்திருக்கும் முதலாளிகளில் ஒன்று வால்மார்ட்.

சலுகைக்கு நிபந்தனை போட முடியாது என்பார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் போட்டார்கள். 2017-இல் ஃபாக்ஸ்கான் என்ற தைவான் மின்னணு நிறுவனம் 13,000 வேலை தருவதாகச் சொல்ல, மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகை பேசியது. வேலை வராததால் பணத்தை நிறுத்தியது. 2021-இல் ஒப்பந்தம் 8 கோடியாகச் சுருங்கியது. ஆலைக்காக நிலத்துக்கும் சாலைக்கும் முன்கூட்டியே கடன் வாங்கிச் செலவழித்த மவுண்ட் பிளஸன்ட் ஊர்தான் பாடுபட்டது.

நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகக் கணக்குப்படி, அந்த 2025 சட்டம் உணவு உதவியில் பத்து வருடத்தில் சுமார் 18,600 கோடி டாலரைக் குறைக்கிறது. எல்லா அம்சங்களையும் சேர்த்தால் அடித்தட்டுப் பத்து சதவீதக் குடும்பங்களுக்கு வருடம் சுமார் 1,200 டாலர் நஷ்டம், மேல்தட்டுப் பத்து சதவீதத்துக்குச் சுமார் 13,600 டாலர் லாபம்.

இன்னொரு ஆபத்து 2027 அக்டோபரில் வருகிறது. உதவித் தொகைக் கணக்கில் 6 சதவீதமோ அதற்கு மேலோ தவறு உள்ள மாநிலம், அந்தத் தொகையில் 5 முதல் 15 சதவீதத்தைத் தானே கட்ட வேண்டும். தவறு என்றால் மோசடி என்று நினைத்துவிடாதே. அலுவலகம் கூட்டிக் கொடுத்ததும் தவறு, குறைத்துக் கொடுத்ததும் தவறு. 2024-இல் தேசிய விகிதமே 10.93. பயந்துபோகும் அலுவலகங்கள் காகிதம் மேல் காகிதமாகக் கேட்கும், ஒன்று குறைந்தாலும் கோப்பை மூடும். முகவரி மாறிய குடும்பம் கடிதத்தையே பார்க்காது. ஆகவே ஒவ்வொருவரிடமும் முதலில் இப்போதைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சரிபார். நேர்காணல் அழைப்பைத் தவறவிட்டு மறுபடி தேதி கேட்காவிட்டாலும் விண்ணப்பம் விழுந்துவிடும்.

அந்த அம்மா மாதிரி ஒருவர் உன் மேசைக்கு நிறுத்தக் கடிதத்தோடு வந்தால், முதலில் அதில் உள்ள தேதியைப் பார். நிறுத்தம் அமலாகும் முன், பொதுவாக 10 நாளுக்குள், மேல்முறையீடு கேட்டால் விசாரணை முடியும்வரை பழைய தொகையே வரும். தோற்றால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல். அந்த நாள் தாண்டியிருந்தாலும் 90 நாள்வரை மேல்முறையீடு செய்யலாம், தொகை மட்டும் இடையில் வராது. சம்பளச் சீட்டுகளை நகலெடுத்துக்கொண்டு, ஷிஃப்டைக் குறைத்தது கடைதான் என்று மேலாளரிடம் ஒரு வரி எழுதி வாங்கச் சொல்.

அன்புடன்,
அக்கா