திட்டம் வந்த ஊருக்கும் வராத ஊருக்கும் நன்றி

தமிழ்நாடு அரசின் புது வாழ்வுத் திட்டம் ஏழை வீடுகளை எந்த அளவுக்குக் கைதூக்கிவிட்டது என்று கணக்கெடுத்தபோது, வேலையைக் கெடுத்துக்கொண்டு பதில் சொன்ன எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, திட்டமே எட்டிப் பார்க்காத ஊர்க்காரர்களுக்கு. உலக வங்கிக் கடனுதவியோடு 2005-இல் தொடங்கிய இத்திட்டம் எல்லா ஒன்றியங்களுக்கும் போகவில்லை. போகாத ஊர்களுக்கும் அந்த ஆண்டுகளில் நூறு நாள் வேலை வந்தது, இலவச டிவி வந்தது, 2008-இல் ஒரு ரூபாய் அரிசியும் வந்தது. உங்களைக் கேட்காமல் விட்டிருந்தால், அவற்றால் வந்த முன்னேற்றத்தையும் இத்திட்டத்தின் கணக்கிலேயே எழுதியிருப்போம். “எங்களுக்கு என்ன கிடைக்கும்?” என்றீர்கள். ஒன்றும் கிடைக்காது என்றோம். அதற்குப் பிறகும் திண்ணையில் பாய் விரித்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தீர்களே, அதற்கு.

திட்ட ஊர்களில், மக்கள் நிலை ஆய்வில் ஊராரே ‘மிகவும் ஏழை’ என்று பிரித்துக் கிராம சபையில் வாசித்த பட்டியலைப் பத்திரமாக வைத்திருந்த கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தாருக்கு அடுத்த நன்றி. இப்படிப்பட்ட பட்டியல்களில் விடுபடுவது பெரும்பாலும் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன குடும்பங்கள். பிறகு, மகன் வீட்டு ஓரத்தில் தனியாகச் சமைக்கும் பாட்டிகள். ரேஷன் கார்டு ஒன்று, உலை இரண்டு. கூரையை எண்ணாதீர்கள், உலையை எண்ணுங்கள் என்று திருத்திய சமுதாய வளப் பயிற்றுநர்கள் (ஊரிலிருந்தே வந்து திட்டத்தில் பயிற்சி தந்தவர்கள்) இல்லையென்றால் அந்தப் பாட்டிகள் எங்கள் தாளிலும் விடுபட்டிருப்பார்கள்.

கடன் கேள்விதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. “மொத்தம் எவ்வளவு கடன்?” என்றால், “பெரிசா ஒண்ணுமில்லைங்க.” அதையே மகளிர் குழு, கூட்டுறவு, அடகுக்கடை, தண்டல், மேஸ்திரி முன்பணம், மளிகைக்கடை பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் தொகை ஏறிக்கொண்டே போகும். மளிகைப் பாக்கியை யாரும் கடன் என்று நினைப்பதில்லை. முன்பணத்தைக் கூலி என்பார்கள். அது கழியும்வரை சூளையை விட்டு வர முடியாது என்றாலும். வீட்டுக்காரர் காதில் விழக்கூடாத தொகைகளும் இருந்தன. ஆண்களை டீக்கடைப் பக்கம் அழைத்துப் போன அண்ணன்மாருக்கு நன்றி!

எங்கள் கணக்கில் ஒரு குறை உண்டு. திட்டம் தொடங்கும் முன் எடுத்த புள்ளிவிவரம் எங்களிடம் இல்லை. அதனால், “சுனாமிக்கு அடுத்த பொங்கல்ல எத்தனை மாடு?”, “டிவி கொடுக்கிறதுக்கு முன்னாலேயே ஓட்டு வீடா?” என்று நினைவைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மாட்டையும் கூரையையும் ஆட்கள் மறப்பதில்லை. அப்போதைய மாதச் செலவை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியையே அடித்துவிட்டோம்.

திட்டம் வந்த ஊர்களிலும் வராத ஊர்களிலும் ஒரே மாதத்தில்தான் கேட்டோம். ஒன்றில் தையிலும் மற்றதில் ஆடியிலும் கேட்டால், குதிரில் நெல் இருப்பதையும் இல்லாததையும்தான் அளந்திருப்போம்.

முடிவை இருவகை ஊர்களின் கிராம சபைகளிலும் வாசிப்போம். அதில் உங்கள் பெயர் இருக்காது, கதவு எண்ணைக்கூட எடுத்துவிட்டோம். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
கணக்கெடுப்புக் குழுவினர்