ஜூன் 20 வாச்சாத்தி நாள் கூட்டம்

தோழர்களே, ஜூன் 20 சாயங்காலம் 5 மணிக்கு சங்க ஆபீஸ்ல கூடுறோம், கண்டிப்பா வந்துடுங்க. 1992ல அதே நாள்தான் அரூர் பக்கம் வாச்சாத்தியில சந்தனக்கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், ரெவின்யூ ஆளுங்க புகுந்து ஊரையே சூறையாடி 18 பெண்களை பாலியல் வன்கொடுமை பண்ணாங்க. மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி தோழர்களும் தெருவுலயும் கோர்ட்லயும் விடாம நின்னதாலதான் 2011ல தர்மபுரி கோர்ட் குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல உயிரோட இருந்த 215 பேருக்கும் தண்டனை கொடுத்துச்சு, 2023ல ஹைகோர்ட்டும் அத உறுதி பண்ணுச்சு. அசையாம சாட்சி சொன்ன அந்த அக்காங்க தைரியம்தான் பெருசு, என்னைக் கேட்டா சங்கத்தோட உயிரே அதுதான். இளம் பிள்ளைங்கள கூட்டிட்டு வாங்க, நெறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. சாதிச் சான்றிதழ், வனப்பட்டா மனு இழுத்துக்கிட்டு இருக்கறவங்க ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க, அங்கயே உக்காந்து எழுதிடலாம்.