செக்கு எண்ணெய் விலையில் கணக்கு உதைக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரச்செக்குக் கடலை எண்ணெய் ஒரு கடையில் லிட்டர் 200 ரூபாய். நாலு கடை தள்ளி 340 ரூபாய். கூடுதல் விலைக்கு விற்பவர் கொள்ளை அடிக்கிறார் என்றே வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு அந்த 200 ரூபாய் பாட்டிலைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நல்ல கடலைப் பருப்பு சுமார் இரண்டரை கிலோ வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதற்கே 300 ரூபாய் ஆகிறது. பிண்ணாக்கு ஏறக்குறைய 1.4 கிலோ மிஞ்சும். கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 56 ரூபாய் கைக்கு வரும். மீதி 244. ஆட்டுக்கூலி, மின்சாரம், வாடகை, அடியில் தங்கும் கசடு எல்லாம் சேர்த்து 30, பாட்டில் மூடி லேபிளுக்கு 10. அடக்கவிலையே 284 ரூபாய். லிட்டருக்கு 36 ரூபாய் லாபம் வைத்து, 5 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 336 ரூபாய். பருப்பு விலை ஏறி இறங்கும்போது இந்தத் தொகையும் ஏறி இறங்கும். ஆனால் பருப்பின் அடக்கத்துக்கும் கீழே எண்ணெய் விற்க யாராலும் முடியாது.

அப்படியும் விற்கிறார்கள் என்றால் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, பாமாயிலோ வேறு மலிவு ரீஃபைண்ட் எண்ணெயோ கலப்பது. கலப்பு எண்ணெய் விற்பதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. அக்மார்க் முத்திரையோடு, எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று லேபிளில் போட்டு, மூடி முத்திரையிட்டு விற்கலாம். அதையே டின்னிலிருந்து அளந்து ஊற்றி 'சுத்தமான செக்கு எண்ணெய்' என்பதுதான் மோசடி.

இரண்டாவது வழி இன்னும் ஆபத்தானது. தரம் பிரிக்கும்போது கழித்துப் போட்ட சொத்தைப் பருப்பும் பூஞ்சை பிடித்த பருப்பும் பாதி விலைக்குக் கிடைக்கும், அதை ஆட்டிவிடுவது. பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நச்சு ஈரலைப் பாதிக்கும். ரீஃபைனரியில் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அந்த நச்சு பெருமளவு நீங்கிவிடும். செக்கில் அந்த வேலையே கிடையாது. பருப்பில் இருப்பது எண்ணெயிலும் வரும். செக்கு எண்ணெயின் தரம் செக்கு மரத்தில் இல்லை, உள்ளே கொட்டும் பருப்பில்தான் இருக்கிறது. வாகை மரத்து உரல் என்று பலகை மாட்டியிருக்கும் கடையில் மூட்டையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பருப்பு ஒரே அளவில், தோல் சுருங்காமல், கருப்புப் புள்ளி இல்லாமல் இருக்க வேண்டும். பிண்ணாக்கையும் கையில் எடுத்துப் பாருங்கள். எக்ஸ்பெல்லர் என்னும் இரும்புத் திருகு இயந்திரத்தில் வந்தது மெல்லிய சில்லாக, காய்ந்து, கெட்டியாக இருக்கும். செக்குப் பிண்ணாக்கு தடித்த துண்டாக, விரலில் எண்ணெய் ஒட்டும்படி இருக்கும்.

ஃபிரிட்ஜில் வைத்து உறைந்தால் பாமாயில் கலப்படம் என்று பரவும் யோசனையை நம்ப வேண்டாம். நல்ல கடலை எண்ணெயும் அந்தக் குளிரில் கலங்கிக் கெட்டிப்படும். எண்ணெயைச் சோப்பாக்கி, அந்தக் கரைசல் குளிரும்போது எந்த வெப்பத்தில் கலங்குகிறது என்று ஆய்வகத்தில் பார்ப்பது பெல்லியர் சோதனை. அதில் கடலை எண்ணெய் 39 முதல் 41 டிகிரிக்குள் கலங்க வேண்டும். எண்ணெயின் கொழுப்பு எவ்வளவு நிறைவுறாதது என்று காட்டும் அயோடின் மதிப்பு 85 முதல் 99 வரை இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம்.

அளவிலும் கண் வேண்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான். லிட்டர் விலையையும் கிலோ விலையையும் குழப்பி விற்பதும், 900 மில்லி பாட்டிலை லிட்டர் பாட்டில் பக்கத்தில் அடுக்குவதும் சகஜம். சூட்டில் எண்ணெய் விரியும். பெரிய நிறுவனங்கள் 60 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டு எடையைக் குறைத்ததால்தான், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவு போட வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு சொல்ல நேர்ந்தது.

கூடுதல் விலையெல்லாம் நியாயம் என்பதும் இல்லை. 'கொலஸ்ட்ரால் அறவே இல்லாதது' என்று எழுதி 480 ரூபாய் வாங்குகிறார்கள். தாவர எண்ணெய் எதில் கொலஸ்ட்ரால் இருக்கிறது? கசடு தெளிய இரண்டு மூன்று நாள் வைக்காமல் அன்றே பாட்டிலில் அடைத்து எடையைக் கூட்டுபவர்களும் உண்டு. அந்த எண்ணெய் சீக்கிரமே காறல் வாடை அடிக்கும்.

செக்கு வைத்திருப்பவர்கள் அன்றைய பருப்பு விலையையும், லிட்டருக்கு எத்தனை கிலோ ஆட்டுகிறார்கள் என்பதையும், பிண்ணாக்கு விலையையும் கடை வாசலில் எழுதிப் போடலாம். நியாயமாகத் தொழில் செய்பவருக்கு அதில் மறைக்க ஒன்றும் இல்லை. சிவகிரி எள் ஏலமும் அவல்பூந்துறை கொப்பரை ஏலமும் தங்கள் மாவட்டப் பக்கங்களில் வருகின்றன. அந்தச் செய்தியின் கீழேயே ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு எள் சுமார் இரண்டரை கிலோ, அதோடு கருப்பட்டி, தேங்காய் எண்ணெய்க்குக் கொப்பரை சுமார் 1.7 கிலோ என்று ஒரு வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செக்கு எண்ணெய் உற்பத்தியாளர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்